சேர்த்துக்கொள்ளச் சொல்லும் காகிதம்

கணியம்பாடி கூட்டுரோட்டுப் பக்கம் நாட்டு மருந்துப் பொடி வாங்கினால் பொட்டலத்தோடு நாலாக மடித்த ஒரு காகிதமும் கிடைக்கிறது. ‘கொலஸ்ட்ராலைக் கரைக்கும் இயற்கை உணவுகள்’ என்று தலைப்பு. பூண்டு, வெந்தயம், கருஞ்சீரகம், குக்குலு, ஓட்ஸ், பாதாம், வால்நட், மீன் எண்ணெய் மாத்திரை, செக்கு எண்ணெய் என்று பட்டியல் ஓடுகிறது. கடைசியில், எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் நான்கையும் காய்ச்சி, தேன் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற குறிப்பு. வாட்ஸ்அப்பில் இதே உரை எனக்குப் பல தடவை வந்திருக்கிறது, சில வார்த்தைகள் மட்டும் இடம் மாறி. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.

இந்தக் காகிதத்தை ஒரு நூலை விமர்சிப்பது போல உட்கார்ந்து வாசிக்கலாம் என்று தோன்றியது. விமர்சனம் என்றால் கதைக்கும் கவிதைக்கும் மட்டும்தானா? எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் படிப்பதும், படித்ததை மறுநாள் காலையிலேயே செய்து பார்ப்பதும் இந்த உரைநடையைத்தான்.

முதலில் அதன் மொழி. ‘கரைக்கும்’, ‘அடைப்பை நீக்கும்’, ‘குழாயைச் சுத்தம் செய்யும்’. எல்லா வினைச்சொற்களும் சாக்கடை தூர்வாருகிறவருடையவை. இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய் ஒரு தண்ணீர்ப் பைப், கொலஸ்ட்ரால் அதில் படிந்த கசடு, புளிப்பும் காரமும் ஊற்றினால் அது இளகி ஓடிவிடும் என்கிற சித்திரம் இது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கைக்கு உடனே பிடிபடும். ஆனால் படிவு குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கல்ல. அது குழாயின் சுவருக்குள்ளேயே, உள்தோலுக்கு அடியில், வருஷக்கணக்கில் வளர்வது. கொழுப்பு, அதைத் தின்ன வந்து அங்கேயே மாட்டிக்கொண்ட ரத்த அணுக்கள், நார்த்திசு, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த கட்டி. குடிக்கிற வினிகர் இரைப்பையோடு சரி. அங்கே ஏற்கெனவே அதைவிடப் பல மடங்கு வீரியமான அமிலம் இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் கட்டியை அது தொடுவதற்கு வழியே இல்லை.

உருவகம் தப்பாக இருந்தால் என்ன, பூண்டு உடம்புக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். கேட்டார்கள். என் பெரியப்பா ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் ராத்திரி அட்டர்வாஸ்டாடின் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொங்கலுக்குப் போனபோது மாத்திரை டப்பா தூசி படிந்து கிடந்தது. “அதான் பூண்டுத் தண்ணி குடிச்சிகினு இருக்கறன்ல, அப்புறம் இன்னாத்துக்குடா மாத்திர?” என்றார். சைடர் வினிகர் பாட்டில் ஒன்றின் விலை அவருடைய ஒரு மாத மாத்திரையைவிட அதிகம். அட்டர்வாஸ்டாடின் விலை குறைந்த மருந்து. 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு உடனே கொடுக்கும் மூன்று வகை மாத்திரைகளில் இதுவும் ஒன்று. காகிதத்தில் ‘மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. ‘அறுவை சிகிச்சை தேவைப்படாது’ என்று மட்டும் இருக்கிறது. மிச்சத்தை வாசகரே எழுதிக்கொள்கிறார்.

இனி பட்டியலுக்கு வருவோம். மொத்தப் பட்டியலையும் குப்பை என்று தள்ளிவிட முடியாது. அப்படித் தள்ளும் படித்தவர்களையும் பார்க்கிறேன், “இயற்கை எல்லாம் டுபாக்கூர் சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனம். இந்தப் பட்டியலில் வேலை செய்யும் பொருளும் உண்டு, செய்யாத பொருளும் உண்டு, வேலை செய்வதாலேயே ஆபத்தான பொருளின் உறவினர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே எழுத்தளவில், ஒரே உறுதியோடு, அளவு ஒன்றுமே சொல்லாமல் அடுக்கியிருப்பதுதான் என் முதல் புகார்.

பூண்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 192 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2007இல் வெளியிட்டது. எல்லாருக்கும் எல்.டி.எல். ஓரளவு கூடுதல். ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டு, இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு வகைப் பூண்டு மாத்திரை, நான்காவது பிரிவுக்கு வெறும் மாத்திரை. பச்சைப் பூண்டை அரைத்து சாண்ட்விச்சுக்குள் வைத்தே கொடுத்தார்கள், தினம் ஒரு நல்ல பல் அளவு, வாரம் 6 நாள், 6 மாதம். மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். நான்கு பிரிவுக்கும் இடையே எல்.டி.எல்.லில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ரசத்துக்குப் பூண்டு போடுவதை இது தடுக்காது. ருசிக்குப் போடுகிறோம், போடுவோம்.

குக்குலுவின் கதை இன்னும் சுவையானது, நம்முடையதும்கூட. 1960களில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஜி.வி. சத்யவதி, சுஸ்ருத சம்ஹிதையில் மேதோரோகம் பற்றிய விவரிப்பு இன்றைய ரத்தக்குழாய்க் கொழுப்பு நோயின் விவரிப்போடு ஒத்துப்போவதைக் கவனித்தார். அங்கே சொன்ன குக்குலுப் பிசினை, கொழுப்பு ஊட்டிய முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொழுப்பு குறைந்தது. 1966இல் அது ஆய்வேடானது. பிறகு லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அந்த வேலையை முன்னெடுத்து, 1980களின் பிற்பகுதியில் ‘குகுலிப்பிட்’ என்று மருந்தாகவே வந்தது. சத்யவதி பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் சப்பாரி குழு 103 பேரிடம் 8 வாரம் அதைச் சோதித்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 4, 5 சதவீதம் ஏறியது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 சதவீதம் இறங்கியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இந்திய உடம்புக்கும் அமெரிக்க உணவுக்கும் வித்தியாசம் உண்டு என்று வாதிடலாம், வாதிட்டார்கள். அந்த வாதத்தை முடிக்க இங்கே பெரிய அளவில் ஒரு சோதனை நடந்திருக்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது சத்யவதியின் முறைதான். பழைய சுவடியில் இருந்த ஒரு வாக்கியத்தைச் சோதிக்கத் தகுந்த வாக்கியமாக அவர் மதித்தார். காகிதம் எழுதியவரோ ‘சித்தர்கள் அன்றே சொன்னார்கள்’ என்று முடித்துவிடுகிறார். எந்தச் சித்தர், எந்த நூல், எந்த நோய்க்கு? ஒன்றும் கிடையாது.

சமீபத்திய சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும், அதன் குறையோடு சேர்த்து. 2022இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் வெளியிட்டது. சுமார் 190 பேர், 28 நாள். ஒரு பிரிவுக்கு 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாடின், ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை, மற்ற பிரிவுகளுக்கு மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என ஆளுக்கொன்று. ரோசுவாஸ்டாடின் எல்.டி.எல்.லைச் சுமார் 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை. ஆனால் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாடினைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்ராஜெனெகா. 28 நாள் என்பதும் குறைவு. ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்து நான் வழக்காட மாட்டேன்.

அந்த ஆறில் சிவப்பு ஈஸ்ட் அரிசியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நம் கடைக் காகிதத்தில் இன்னும் ஏறவில்லை, ஆன்லைனில் ‘நூறு சதவீதம் இயற்கை, ஸ்டாடினுக்கு மாற்று’ என்று குப்பியில் விற்கிறது. ஸ்டாடின் எங்கிருந்து வந்தது? ஜப்பானில் அகிரா எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சாண வகைகளைச் சலித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்த நீலப் பூஞ்சாணத்திலிருந்து 1973இல் முதல் ஸ்டாடின் கிடைத்தது. 1979இல் சிவப்பு ஈஸ்ட் அரிசியின் பூஞ்சாண இனத்திலிருந்து அவர் பிரித்தெடுத்த மோனகோலின் கே-யும், 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டாடினும் ஒரே மூலக்கூறு. ஆக, மாத்திரையின் பூர்வீகமும் அரிசியில் பூத்த பூஞ்சாணம்தான். இந்த அரிசிக் குப்பியில் ஒன்று அதே மருந்து அளவு தெரியாமல் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு நாள் அளவில் மோனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனம் தன் சிவப்பு அரிசி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது, தயாரிப்பின்போது வேறொரு பூஞ்சாணம் நுழைந்து நஞ்சு உண்டாக்கியிருந்தது. ‘இயற்கை’ என்ற சொல் ஒரு பொருளின் பிறப்பைச் சொல்கிறது. அதில் எத்தனை மில்லிகிராம், என்ன கலப்பு என்பதைச் சொல்வதில்லை.

சரி, வேலை செய்வது எது? இங்கேதான் காகிதத்தின் மேல் எனக்குக் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம். சொல்வதற்கு நல்ல விஷயம் இருந்தும் சொல்லவில்லை.

கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003இல் 46 பேரிடம் ஒரு மாதம் நடத்திய சோதனை உண்டு. ஒரு பிரிவுக்குக் கொழுப்பு குறைந்த சாதாரணச் சாப்பாடு, ஒரு பிரிவுக்கு அதோடு லோவாஸ்டாடின் 20 மில்லிகிராம், மூன்றாவது பிரிவுக்கு நான்கு வகை உணவுகள் சேர்ந்த கூட்டு: வழவழப்பான நார்ச்சத்து, சோயாப் புரதம், பாதாம், தாவர ஸ்டீரால். எல்.டி.எல். முதல் பிரிவில் 8 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 30.9 சதவீதம், உணவுப் பிரிவில் 28.6 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய மாத்திரைக்குச் சமம்! அந்த வழவழப்பு நாருக்கு அவர்கள் பயன்படுத்தியவை ஓட்ஸ், பார்லி, இசப்கோல், அப்புறம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும். முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில், ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய் இல்லாமல் இலை போடாத வட்டாரத்தில், கொலஸ்ட்ரால் காகிதம் வால்நட்டுக்குப் போகிறது, கத்தரிக்காய் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதும் எளிமையானதுதான். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலம் செய்கிறது. குடலுக்கு வந்த பித்த அமிலத்தில் பெரும்பகுதி மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். வெண்டைக்காயின் கொழகொழப்பு மாதிரியான நார் அதைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விட்டால், கல்லீரல் புதிதாகச் செய்ய ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும். கரைப்பதும் இல்லை, தூர்வாருவதும் இல்லை.

ஆனால் அளவு? 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குக் கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 20 கிராம் வழவழப்பு நார், 40 கிராமுக்கு மேல் சோயாப் புரதம், ஒரு கை பாதாம், 2 கிராம் தாவர ஸ்டீரால். சாப்பாட்டில் பெரும்பகுதியை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். அதே குழு 345 பேரிடம், ஆலோசனை மட்டும் சொல்லி, அவரவர் வீட்டில் 6 மாதம் சமைத்துச் சாப்பிடவிட்டு 2011இல் வெளியிட்டபோது, குறைவு 13 சதவீத அளவில் நின்றது. அதுவும் நல்ல எண்தான். ஒரு ஸ்பூன் ஓட்ஸோ ராத்திரி ஊறவைத்த நாலு பாதாமோ அந்த எண்ணைத் தராது. பருப்பு, பயறு வகைகளைப் பற்றி 26 சோதனைகளைத் தொகுத்த 2014ஆம் வருஷக் கட்டுரை ஒன்று, நாளுக்கு 130 கிராம் அளவு சாப்பிட்டால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. 130 கிராம் என்றால் ஒரு கிண்ணம் சுண்டல். காராமணி, கொள்ளு, மொச்சை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். காகிதத்தில் கொள்ளு வருகிறது, பொடியாக, அரை ஸ்பூன்.

இரண்டாவது புகார் இதைவிடப் பெரியது. காகிதம் முழுக்க ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரே ஏவல். எதையாவது எடுத்துவிடச் சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எடுத்துவிடச் சொல்வதில் விற்பதற்கு ஏதும் இல்லை என்பது புரிகிறது. ஆனால் சாப்பாட்டால் எல்.டி.எல். குறைவது பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வரும்போதுதான். செக்கு எண்ணெய் விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 90 சதவீதம் பக்கம், ரேஷன் பாமாயிலில் 40க்கு மேல், கடலை எண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் அதைவிடக் கொஞ்சம் கம்மி. மரச்செக்கில் ஆட்டினாலும் மெஷினில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 சோதனைகளின் தொகுப்பு 2020இல் வந்தது. தேங்காய் எண்ணெயில் எல்.டி.எல். சராசரி 10 மில்லிகிராம் கூடுதல். ஆகவே ‘செக்கு எண்ணெய் நல்லது’ என்பது பாதி வாக்கியம். எதன் செக்கு எண்ணெய், எதற்குப் பதிலாக? லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ரேஷன் பாமாயிலை விட்டு, செக்குக் கடலை எண்ணெய் வாங்கு என்று சொல்வது ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக்குள் கை வைக்கிற பேச்சு. அதைச் சொல்லும் தைரியம் காகிதத்துக்கும் இல்லை, அரை நிமிஷத்தில் “எண்ணெயைக் குறைங்க” என்று அனுப்பிவிடும் டாக்டர்களுக்கும் இல்லை.

மூன்றாவது, இந்தக் காகிதம் யாருடைய ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறது? கணியம்பாடி வட்டாரம் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் இடம். 1991–94இல் இங்கேயும் வேலூர் நகரத்திலும் இதயநோய்க்கான காரணிகளை அளந்தார்கள். 2010–12இல் மறுபடி அளந்தார்கள். நடுவயதுக்காரர்களிடம் சர்க்கரையும் உடல் பருமனும் கிராமத்திலும் பெரிதாக ஏறியிருந்தது. வயல் வேலை போய், விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் பிடித்து, நாள் முழுக்க மெஷின் முன்னால் வேலை பார்த்துத் திரும்பும் வாழ்க்கை வந்துவிட்ட காலம் அது. தமிழ்நாட்டையும் உள்ளடக்கி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய இண்டியாப் ஆய்வின் 2014 கட்டுரையில், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 சதவீதம், டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம், ‘நல்ல’ எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 சதவீதம். நம் ஆட்களின் பொதுவான கோளாறு இந்தப் பின்னிரண்டும். டிரைகிளிசரைடு ஏறுவதற்குத் தட்டில் குவிகிற சோறும், தேநீர்ச் சர்க்கரையும், சாராயமும், உட்கார்ந்தே இருப்பதும் காரணம். காகிதத்தில் சோறு என்ற சொல் இல்லை. தேன் இருக்கிறது, தினம் இரண்டு வேளை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மட்டும் எல்லாரும் பழி போடுகிறார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள், சோறு வாரத்துக்கு இருபது வேளை.

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா என்றால், சொல்கிறது, வேடிக்கையாக. சமையல் எண்ணெய் டின்னில் ‘கொலஸ்ட்ரால் எதிர்ப்பு’, ‘கொலஸ்ட்ராலோடு போராடும்’, ‘இதயத்துக்கு இதமான’ என்பன போன்ற சொற்களைப் போடக் கூடாது என்று 2011ஆம் வருஷத்து உணவு விவரச்சீட்டு விதிகளில் பட்டியலே இருந்தது. விளம்பரக்காரர்களின் அகராதியைச் சட்டப் புத்தகத்தில் படிப்பது தனி அனுபவம். 1954ஆம் வருஷத்து மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் இதயநோய், ரத்தக்குழாய் தடிப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கொலஸ்ட்ரால் ஒரு வீட்டுச் சொல் ஆகவில்லை, அதனால் அட்டவணையில் அது இல்லை. இன்றைய பொடி விளம்பரம் நோயின் பெயரைத் தொடாமல் கொலஸ்ட்ராலை மட்டும் பிடித்துக்கொள்வதில் இந்தச் சௌகரியம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். டின்னில் அடித்தால் விதி பாயும், மடித்த காகிதத்தில் எழுத்தாளரும் இல்லை, அச்சகமும் இல்லை, யார் மேல் பாய்வது?

பொடி சாப்பிட்டே தீருவேன் என்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. மாத்திரையை நிறுத்தாமல், பொடி தொடங்கும் முன் ஒரு லிப்பிட் பரிசோதனை, ஆறு வாரம் கழித்து அதே லேபில் இன்னொன்று எடுக்கச் சொல்கிறேன். இடையில் சோற்றையும் எண்ணெயையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரண்டு சீட்டையும் தங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பேசட்டும்.